ஓடுகிறவனைச் சுடலாமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். திருடுபோன பணத்தை மீட்க ஒருவரின் உயிரை எடுக்கலாமா என்பது தலைப்பு. கூடவே கூடாது என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், "வியர்வை சிந்திச் சேர்த்த காசை அள்ளிக்கொண்டு ஓடுகிறவனிடம் என்ன இரக்கம்?" என்று கேட்டார். அந்த ஆத்திரம் எனக்கும் புரிகிறது ஐயா. ஆனால் ஆத்திரத்தைச் சட்டமாக்கினால் என்ன ஆகும் என்பதற்குக் கண்ணெதிரே ஓர் ஊர் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம். இரவில் திருடிவிட்டுப் பொருளோடு தப்பி ஓடுகிறவரைத் தடுக்க உயிர்போகும் அளவுக்குத் தாக்கலாம் என்கிறது அங்குள்ள தண்டனைச் சட்டத்தின் 9.42-ஆம் பிரிவு. வேறு வழியில் அதை மீட்க முடியாது என்று சுடுகிறவர் நம்புவதற்கு நியாயம் இருந்தால் போதும்.

2009, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இரவு, அதே டெக்சஸின் சான் அன்டோனியோ நகரம். இணைய விளம்பரத்தைப் பார்த்து ஒருவர் ஓர் இளம்பெண்ணை வீட்டுக்கு வரவழைத்து 150 டாலர் கொடுத்தார். அவர் எதிர்பார்த்தது நடக்கவில்லை. பணத்தைத் திருப்பித் தராமல் அந்தப் பெண் கிளம்பினார். அவர் போன காரை நோக்கி இவர் சுட்டார். குண்டு பாய்ந்து உடல் செயலிழந்த அந்தப் பெண், சில மாதங்கள் கிடந்து இறந்துபோனார். கொல்லும் எண்ணமே இல்லை என்றும், திருட்டைத் தடுக்கச் சட்டம் இடம் தருகிறது என்றும் சுட்டவரின் வக்கீல்கள் வாதாடினார்கள். 2013-ல் ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, அவரை விடுதலை செய்தது.

முதலில், அது திருட்டுத்தானா? காசு எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதிலேயே தகராறு. கொடுத்தவரே அதைத் திருட்டு என்று முடிவு செய்தார், தண்டனையையும் அவரே கொடுத்தார். அந்தப் பெண் தன் பக்கத்தைச் சொல்ல எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை.

"போலீஸ் வருவதற்குள் திருடன் பறந்துவிடுவான்" என்றும் எதிரணியில் சொன்னார்கள். 2007-ல் அதே டெக்சஸில், பாசடீனாவில், பக்கத்து வீட்டில் திருடிய இருவரைப் பார்த்த ஒருவர் அங்கே அவசர உதவிக்கான 911 எண்ணுக்கு போன் செய்தார். வெளியே போகாதீர்கள், எந்தச் சொத்துக்காகவும் ஆளைச் சுட வேண்டாம் என்று எதிர்முனையில் இருந்தவர் திரும்பத் திரும்பச் சொன்னார். கேட்கவில்லை. இரண்டு பேரையும் சுட்டுக் கொன்றார். அப்போது சீருடை அணியாத போலீஸ்காரர் ஒருவர் அங்கே வந்தே விட்டிருந்தார்! சுட்டவர் மீது குற்றம் சாட்டவே கிராண்ட் ஜூரி, அதாவது வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு, மறுத்துவிட்டது.

அமெரிக்காவில் போலீஸுக்கு என்ன விதி என்று பாருங்கள். 1974-ல் மெம்ஃபிஸ் நகரில் ஒரு வீட்டில் திருடிவிட்டு வேலி ஏறித் தப்பப் பார்த்த 15 வயதுச் சிறுவனைப் போலீஸ்காரர் பின்மண்டையில் சுட்டுக் கொன்றார். அவனிடம் ஆயுதம் இல்லை என்றுதான் அவருக்கே தோன்றியிருக்கிறது. கிடைத்தது 10 டாலரும் ஒரு கைப்பையும். அவனுடைய தந்தை வழக்குப் போட்டார். தனக்கோ பிறருக்கோ உயிராபத்தோ கொடுங்காயமோ நேரும் என்று நம்பக் காரணம் இல்லாதபோது, ஓடுகிறவரைப் போலீஸ் கொல்லக் கூடாது என்று 1985-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பயிற்சி பெற்ற போலீஸுக்கே இல்லாத அதிகாரம், கோபத்தில் துப்பாக்கி எடுத்தவருக்கு எப்படி வரும்?

"நம் சட்டமும் தற்காப்புக்குக் கொல்ல விடுகிறதே" என்பார்கள். சரி, விடுகிறது. நம் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-ஆம் பிரிவு, அப்படிக் கொல்ல இடம் தரும் குற்றங்களில் கொள்ளையையும் இரவில் வீட்டை உடைத்துப் புகுவதையும் சொல்கிறது. வெறும் திருட்டு என்றால், உயிர் போகும் அல்லது கொடுங்காயம் படும் என்று அஞ்ச நியாயம் இருக்க வேண்டும். 43-ஆம் பிரிவின்படி, இரவில் வீட்டை உடைத்துப் புகுந்தவர் மீதான அந்த உரிமை அவர் உள்ளே இருக்கும் வரைதான். கத்தியோடு எதிரே நிற்கிறவன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள் என்று எங்கள் அணி சொல்லவில்லை. அவன் முதுகைக் காட்டி ஓடும்போது ஆபத்து போய்விட்டது, மிச்சம் இருப்பது பணம் மட்டும்.

டெக்சஸ் சட்டத்தில் எவ்வளவு பணத்துக்கு மேல் என்று ஒரு வரம்புகூட இல்லை. எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் அந்தத் தொகையைச் சொல்லட்டும். ஐந்நூறா, ஐந்து லட்சமா? எத்தனை ரூபாய் போனால் ஓடுகிறவனின் முதுகில் சுடலாம்? அந்தப் பதிலுக்காக உட்காருகிறேன். நன்றி.