கையை அசைக்காமல் அரை மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

மின்சாரம் போன இரவில் டார்ச் விளக்கின் வாயை உள்ளங்கையால் பொத்திப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. விரல் இடுக்குகள் செக்கச்செவேலென்று ஒளிரும். ஒளி தோலுக்குள் புகுந்து இரத்தத்தைத் தொட்டுவிட்டு வெளியே வருகிறது. நான் பல ஆண்டுகளாகச் செய்துவந்த வேலையும் ஏறக்குறைய அதுதான். டார்ச்சுக்குப் பதில் மெல்லிய லேசர் கதிர், கண்ணுக்குப் பதில் ஒரு கருவி.

ரயில் ஊதிக்கொண்டே நம்மைக் கடக்கும்போது அந்த ஒலி சட்டென்று தாழ்கிறதல்லவா? ஓடுகிற சிவப்பணுவில் பட்டுத் திரும்பும் ஒளியிலும் அப்படியொரு நுண்ணிய மாற்றம் உண்டாகிறது. அதை அளந்தால், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துவிடும். ஊசி வேண்டாம், வலியும் இல்லை. 1975-இல் ஸ்டெர்ன் என்ற ஆய்வாளர் 'நேச்சர்' இதழில் இந்த வழியை எழுதினார்.

விரலில் கருவியை ஒட்டியதும் திரையில் ஒரு கோடு ஓடத் தொடங்கும். இதயம் துடிப்பதால் அது துள்ளும்; அதில் வியப்பில்லை. அந்தத் துள்ளலை நீக்கிவிட்டுப் பாருங்கள், கோடு அப்போதும் ஏறி இறங்கும். மெதுவாக, தூங்குகிற குழந்தையின் வயிறு போல. யார் அதை அசைப்பது?

இங்கே எனக்குப் பிரியமான ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தாமஸ் வார்ட்டன் ஜோன்ஸ், லண்டனில் கண் மருத்துவர். இளமையில் எடின்பரோவில் உடற்கூறு ஆசிரியர் ஒருவரின் உதவியாளராக இருந்தார். கொலைசெய்து பிணம் விற்ற பர்க், ஹேர் என்ற இருவர் கொண்டுவந்த முதல் உடலை வாங்கிக்கொண்டவர்களில் இவரும் ஒருவர். அது தனிக்கதை, விட்டுவிடுகிறேன். 1847-இல், கணக்குப்பொறிக்குப் பேர்போன பாபேஜ், கண்ணுக்குள் எட்டிப்பார்க்கும் ஒரு கருவியைச் செய்து இவரிடம் காட்டினார். ஜோன்ஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்கே ஆண்டுகளில் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அப்படியொரு கருவியை வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்றார். கைக்கு வந்ததைக் கோட்டைவிட்ட அதே மனிதர்தான், வௌவாலின் சிறகை விரித்து நுண்நோக்கியின் அடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்தார். சிறகின் சிரைகள் தாமாகவே சுருங்கி விரிவதைக் கண்டார். இதயத்தின் தாளத்தோடு அது ஒத்துப்போகவில்லை. 1852-இல் அதை எழுதினார். நரம்பை அறுத்த பிறகும் அந்தச் சுருக்கம் நிற்பதில்லை என்பதைப் பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். இரத்தக்குழாய் வெறும் ரப்பர் குழாய் போன்றதன்று. அதற்கென்று ஒரு தாளம் உண்டு.

மனிதத் தோலில் இப்படிப் பல தாளங்கள் ஒன்றாகக் கலந்து ஓடுகின்றன. தெருவில் தையல் மெஷினும் கொல்லன் சுத்தியலும் கோயில் மணியும் சேர்ந்து கேட்டாலும் காது பிரித்துக்கொள்கிறதல்லவா? கணக்கால் அப்படிப் பிரிக்க வேண்டும். 1990-களில் ஸ்லோவேனியாவில் ஆய்வு செய்துவந்த அனெட்டா ஸ்டெஃபனோவ்ஸ்காவும் அவருடன் இருந்தவர்களும் அதைச் செய்தார்கள். இதயம், நொடிக்கு ஒருமுறை. மூச்சு, மூன்று நான்கு நொடிக்கு ஒருமுறை. குழாய்ச் சுவரின் தசை, பத்து நொடி. நரம்பு, இருபத்தைந்து நொடி அளவில். குழாயின் உட்புறத்தில் படிந்திருக்கும் மெல்லிய உயிரணுப் படலத்தைச் சேர்ந்தது ஏறக்குறைய நூறு நொடிக்கு ஒருமுறை. நூறு நொடி! பத்துப் பதினைந்து முறையாவது அதைப் பார்க்க வேண்டுமென்றால் அரை மணி நேரம் உட்கார வேண்டும். எங்கள் பாடெல்லாம் அங்கேதான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் விரும்பி வந்தார். விரலில் கருவி, கண்கள் கூரையில். கை கல்லாக இருந்தது. பதினெட்டாவது நிமிடம் பக்கத்து அறையில் தொலைபேசி அடித்தது. அவர் அசையவில்லை, ஆனால் திரையில் கோடு தொப்பென்று விழுந்தது. “மகள்தானோ என்று நினைத்தேன்” என்றார் பிறகு. நினைத்தது விரல்நுனிக்கு எட்டிவிட்டது! முதலிலிருந்து தொடங்கினோம். முடிந்து கருவியைக் கழற்றும்போது, “காபி குடிக்கவில்லையே ஐயா?” என்று மறுபடி கேட்டேன். “தொடவே இல்லை. டீ மட்டும் இரண்டு டம்ளர்.” காபியைப் போல டீயும் இரத்த ஓட்டத்தை மாற்றிவிடும். அந்தப் பதிவும் போயிற்று. மறுநாளே எங்கள் படிவத்தில் டீக்கென்று தனி வரி சேர்த்தோம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கருவி காட்டும் எண்ணை மில்லிலிட்டராக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒட்டிய இடம் ஒரு நெல்மணி அளவு தள்ளிப்போனால் எண் மாறிவிடும். அதனால்தான் எண்ணைவிடத் தாளத்தை நம்புகிறேன் என்கிறேன். இப்படிச் சொன்னால் என் சக ஆய்வாளர்கள் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பற்றித்தான் விரிவாகப் பேச வந்தேன். கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்: நரம்பு கெட்டுப்போன பாதத்தில் இந்த மெதுவான தாளங்கள் மங்குவதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் ஊர் மருத்துவமனையில் கேட்டு வாங்கும் பரிசோதனையாக அது இன்னும் ஆகவில்லை. பாதத்தில் மரப்பு இருந்தால் கருவிக்காகக் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான் பேசத் தொடங்கியதிலிருந்து உங்கள் விரலில் அந்த நூறு நொடித் தாளம் மூன்று நான்கு முறைதான் வந்து போயிருக்கும். வணக்கம்.