குறைமாதக் குழந்தை 9 மாதமாகியும் உட்காரவில்லை, வாக்கர் வாங்கலாமா?

அடுத்த கேள்வி ஒரு அம்மாவிடமிருந்து வந்திருக்கிறது. படிக்கிறேன். "பையன் 32 வாரத்திலேயே பிறந்துவிட்டான். மூன்று வாரம் இன்குபேட்டரில் இருந்தான். இப்போது 9 மாதம், இன்னும் தானாக உட்காரவில்லை. மற்றபடி படு சுறுசுறுப்பு. எதை நீட்டினாலும் வலது கையால் டக்கென்று வாங்கிவிடுவான், இடது கையை நீட்டவே மாட்டான். மாமியார், 'அவன் அப்பனும் ஒன்றரை வயசுலதான் நடந்தான், விடு' என்கிறார். வாக்கர் வாங்கி உட்கார வைக்கலாமா?"

சரி, முதலில் வயதைச் சரியாகக் கணக்குப் போடுவோம். 40 வாரத்தில் பிறக்க வேண்டியவன் 8 வாரம் முன்னால் வந்துவிட்டான். அதைக் கழித்தால் இவனுக்கு ஏறக்குறைய 7 மாதம்தான். இரண்டு வயது வரை இப்படிக் கழித்தே பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து 2006-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. அதன்படி பிடிமானம் இல்லாமல் உட்காருவது 4-ஆம் மாதத்தை ஒட்டியும் நடக்கலாம், 9 மாதம் தாண்டியும் நடக்கலாம். ஆகவே உட்காராதது மட்டும் என்றால் மாமியார் சொன்னதற்கு நானும் தலையாட்டியிருப்பேன்.

ஆனால் சகோதரி, நீங்கள் சுறுசுறுப்புக்குச் சாட்சியாகச் சொன்னீர்களே, வலது கையால் மட்டும் வாங்குகிறான் என்று, எனக்கு அதுதான் உறுத்துகிறது. ஒரு வயதுக்குள் எந்தக் குழந்தைக்கும் சோற்றுக்கை, பீச்சாங்கை என்று பிரிவினை வரக்கூடாது. எந்தப் பக்கம் நீட்டுகிறோமோ அந்தப் பக்கத்துக் கை வர வேண்டும். ஒரே கை வந்தால், வலது கை கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது என்று எடுத்துக்கொள்ளாமல், இடது கைக்கு ஏன் வர முடியவில்லை என்று பார்க்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு மூளையில் ஒரு பக்கம் லேசாக ரத்தம் கசிந்திருந்தாலும் எதிர்ப்பக்கக் கையில் இப்படித் தெரியலாம். மூளை முடக்குவாதம், அதாவது மூளை பாதிப்பால் கைகால் அசைவு சரியாக வராத நிலை, அதன் ஆரம்ப அடையாளமாகவும் இருக்கலாம். 'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறேன், வீடியோவில் உட்கார்ந்துகொண்டு நோய்க்குப் பெயர் வைக்க முடியாது. தாமதத்தைக் கூடக் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இல்லை என்றால் பொறுக்கவே கூடாது.

இன்றைக்கே பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துப் பாருங்கள். இடது கை மூடியே இருக்கிறதா, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருக்கிறதா? சட்டை போடும்போது அந்தக் கை மட்டும் இறுக்கிப் பிடிக்கிறதா? உதைக்கும்போது இரண்டு காலும் மாறி மாறி வருகிறதா? இதையெல்லாம் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டர் முன்னால் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணினால் அந்த வீடியோதான் உதவும்.

வாக்கர் வேண்டாம். கனடாவில் 2004-லேயே விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள், அது விபத்துகளுக்காக. அதில் போட்டால் குழந்தை நுனிக்காலால் தள்ளுமே தவிர, உடம்பைத் தானே நிமிர்த்திப் பிடிக்கப் பழகாது. எண்ணெய் தேய்த்து உருவி விடுவதும் அப்படித்தான், சுகமாக இருக்கும், செய்யுங்கள். ஆனால் அசைவு பழக வேண்டும் என்றால் குழந்தை தானே அசைய வேண்டும். உங்கள் கால்களுக்கு நடுவே உட்கார வைத்து, அக்குளில் தூக்காமல் இடுப்பில் பிடியுங்கள். ஒரு கையால் எடுக்க முடியாத சாமானாகக் கொடுங்கள்: பெரிய பந்து, எவர்சில்வர் கிண்ணம். கிலுகிலுப்பையை நடுவில் காட்டி மெல்ல இடப்பக்கம் நகர்த்துங்கள். கை வர நேரமாகும், அவசரப்பட்டு நீங்களே எடுத்துக் கையில் திணிக்காதீர்கள். யாராவது வலது கையைக் கட்டிப்போடச் சொன்னால் கேட்காதீர்கள். அப்படி ஒரு சிகிச்சை முறை இருக்கிறதுதான், ஆனால் அதைத் தெரபிஸ்ட் பார்த்து, நேரம் கணக்கிட்டுச் செய்வார்.

அப்புறம், ஒரு வயது ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. என்று ஒரு பிரிவு இருக்கும், குழந்தைகளின் வளர்ச்சிக் குறையைச் சீக்கிரமே கண்டுபிடித்துச் சிகிச்சை தரும் மையம் அது. மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. என்கிற குழந்தைகள் நலத் திட்டத்தில் வருவது, கட்டணம் கிடையாது. டாக்டர், பிசியோ, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில். பெயர் நினைவில்லாவிட்டால் அங்கன்வாடி டீச்சரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியும். போகும்போது பிறந்த மருத்துவமனையில் தந்த டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் கொண்டுபோங்கள். இன்குபேட்டரில் இருந்தபோது தலைக்கு ஸ்கேன் எடுத்திருந்தால் அதில் எழுதியிருப்பார்கள். கண்ணையும் காதையும் பரிசோதித்தார்களா என்றும் அதிலேயே பாருங்கள். இல்லை என்றால் அதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.