ஊசிமுனை அளவு அம்மை

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் இருக்கும் பாட்டிமார் பலருக்குக் கையில் ஒரு தழும்பு இருக்கும். கேட்டால் ‘சின்ன வயசில் அம்மை குத்தினது’ என்பீர்கள். உங்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பெரியம்மைக்காகக் குத்த வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. அந்த நோய் உலகத்தை விட்டே ஒழிந்ததாக 1980-இல் அறிவித்துவிட்டார்கள். அந்தத் தழும்பின் கதையில் மேரி வொர்ட்லி மாண்டேகு என்ற ஆங்கிலப் பெண் வருகிறார்.

1717-இல் அவர் துருக்கிக்குப் போனார். கணவர் சுல்தானின் அரசவைக்கு இங்கிலாந்துத் தூதர். போகும் வழியில் சோஃபியா நகரத்தில் ஒரு வெந்நீர்க் குளியல் மண்டபத்துக்குள் நுழைகிறார். உள்ளே ஏறக்குறைய இருநூறு பெண்கள், ஒருவர் உடம்பிலும் துணியில்லை. இவரோ குதிரைச் சவாரி உடையில், கழுத்துவரை மூடிக்கொண்டு நிற்கிறார். ஒருவர்கூடக் கேலியாகப் பார்க்கவில்லை, காதோடு காது பேசவில்லை. எங்கள் அரண்மனையாக இருந்தால் இந்த மரியாதை கிடைத்திருக்காது என்று எழுதுகிறார். நீங்களும் உடை மாற்றிக் குளியுங்கள் என்று அவர்கள் வற்புறுத்தியபோது, சட்டையைத் திறந்து உள்ளே இறுக்கிக் கட்டியிருந்த கச்சைக் காட்டினார். அவ்வளவுதான், அந்தப் பெண்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பாவம், புருஷன் இவளை இந்தக் கருவிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறான், இவளால் திறக்க முடியாது!

என் மனம் அதிகம் நிற்பது இந்த இடத்தில்தான். பார்க்கப் போனவரையே அங்கே திருப்பிப் பார்த்துவிட்டார்கள். தன் கச்சும் ஒரு விசித்திர வழக்கம்தான் என்று தெரிந்துகொண்ட கண்ணோடுதான் அவர் அடுத்த ஊருக்குப் போனார்.

அடுத்த ஊர் அட்ரியனோப்பிள், இன்றைய எடிர்னே. அங்கே வெயில் தணியும் செப்டம்பர் மாதத்தில், ‘உங்கள் வீட்டில் யாருக்காவது அம்மை போட்டுக்கொள்ள விருப்பமா?’ என்று ஆள் விட்டுக் கேட்பார்களாம். பதினைந்து, பதினாறு பேர் கூடுவார்கள். ஒரு கிழவி கொட்டைத் தோட்டுக்குள் அம்மைச் சீழை எடுத்து வருவாள். ஊசியால் ரத்தக்குழாயைக் கீறி, ஊசிமுனையில் நிற்கும் அளவு சீழை உள்ளே வைத்துக் கட்டிவிடுவாள். பிள்ளைகள் ஏழு நாள் விளையாடித் திரிவார்கள். எட்டாம் நாள் காய்ச்சல், இரண்டு நாள் படுக்கை, முகத்தில் இருபது முப்பது கொப்புளம். அப்புறம் தழும்பில்லாமல் எழுந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பெரியம்மை அவர்களை அண்டாது.

இதைப் படிப்பறியாதவர்களின் சடங்கு என்று மேரி ஒதுக்கவில்லை. ஒதுக்க அவரால் முடியாது. 1713-இல் தம்பியைப் பெரியம்மை கொண்டுபோனது. 1715-இல் அவருக்கே வந்து, கண்ணிமை முடி உதிர்ந்து, முகம் தழும்பேறியது. 1718-இல் தன் மகனுக்கு அந்த ஊசியைப் போடவைத்தார். போட வந்த கிரேக்கக் கிழவியின் கை நடுங்கியது, ஊசி துருப்பிடித்திருந்தது. குழந்தை துடிப்பதைப் பார்த்து, மற்றொரு கையில் தூதரக மருத்துவர் சார்லஸ் மெய்ட்லண்ட் தன் கத்தியால் போட்டார். பையன் பிழைத்தான். 1721-இல் லண்டனில் பெரியம்மை கொள்ளைநோயாகப் பரவியபோது மகளுக்கும் போட்டார்கள்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இப்படிப் போட்டுக்கொண்டவர்களிலும் சிலர் இறந்தார்கள், அவர்களிடமிருந்து மற்றவர்களுக்குத் தொற்றவும் செய்தது. ஆனாலும் தானாக வரும் அம்மையோடு ஒப்பிட்டால் சாவு மிகக் குறைவு.

ஆங்கில மருத்துவர்கள் கிழவியின் எளிய முறையை அப்படியே விடவில்லை. ஊசிக்கு முன்னால் ரத்தம் வடித்தார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள், பட்டினி போட்டார்கள். அதையெல்லாம் அனுபவித்த சிறுவர்களில் ஒருவர் எட்வர்ட் ஜென்னர். 1796-இல் மாட்டம்மைச் சீழைக் கொண்டு பாதுகாப்பான தடுப்பு முறையை நிலைநாட்டியவர் அவர்தான்.

அட்ரியனோப்பிளில் கண்டதையெல்லாம் மேரி எழுதியது சாரா சிஸ்வெல் என்ற தோழிக்கு. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1726-இல், சாரா பெரியம்மை கண்டு இறந்துபோனார்.