பைதானில் ஃபைல் பாத்: எங்கிருந்து தேடுகிறது என்பதுதான் கேள்வி

வணக்கம். "ஃபைல் கண்ணுக்கு முன்னாடி இருக்கு, பைதான் மட்டும் இல்லைன்னு சாதிக்குது." பைதான் கற்றுக்கொள்ள உட்கார்ந்த யாரும் இந்த இடத்தில் முட்டிக்கொள்ளாமல் தப்பியதில்லை. ஸ்கிரிப்ட் அங்கேயே இருக்கிறது, பக்கத்திலேயே சிஎஸ்வி ஃபைலும் இருக்கிறது, ஓட்டினால் ஃபைல் நாட் ஃபவுண்ட் எரர். இன்றைக்கு அதைத்தான் பிரித்துப் பார்க்கப் போகிறோம். கடைசியில், தமிழில் பெயர் வைத்த ஃபைல்களுக்கு வரும் சிக்கல் ஒன்று இருக்கிறது. உண்மையில் அதற்காகத்தான் இந்த வீடியோவே. அவசரமாக இருப்பவர்கள் அங்கே தாவிவிடலாம்.

சரி, திரையைப் பாருங்கள். மழைக்கணக்கு என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் ஒரு பைதான் ஸ்கிரிப்ட், தரவு என்று இன்னொரு ஃபோல்டர். தரவுக்குள் ஜூன் என்ற சிஎஸ்வி. ஸ்கிரிப்டில் 'தரவு/ஜூன்' என்று பாத் கொடுத்து ஃபைலைத் திறக்கிறேன். டெர்மினலில் மழைக்கணக்குக்குள் இருந்தபடி ஓட்டுகிறேன். ஓடுகிறது. இப்போது சிடி அடித்து ஒரு படி மேலே வந்து, அங்கிருந்து அதே ஸ்கிரிப்டை ஓட்டுகிறேன். பாருங்கள், எரர். கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

'தரவு/ஜூன்' என்பது ரிலேட்டிவ் பாத். "அடுத்த தெருவில் மூன்றாவது வீடு" என்று வழி சொல்வது போலத்தான். கேட்பவர் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் அதற்கு அர்த்தம் கிடையாது. பைதான் நிற்கும் இடம் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டர் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. ஓட்டும் நேரத்தில் டெர்மினல் எந்த ஃபோல்டரில் இருந்ததோ, அதுதான். கரன்ட் வொர்க்கிங் டைரக்டரி என்பது அதைத்தான்.

இந்தக் குழப்பம் தீராமல் இருப்பதற்கு இம்போர்ட்டும் ஒரு காரணம். பக்கத்தில் உள்ள இன்னொரு பைதான் ஃபைலை இம்போர்ட் செய்தால், எங்கிருந்து ஓட்டினாலும் கிடைத்துவிடும். ஏனென்றால் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரைத் தன் தேடல் பட்டியலின் தலையில் பைதானே சேர்த்துக்கொள்கிறது. அந்தச் சலுகை இம்போர்ட்டுக்கு மட்டும்தான். ஃபைல் திறப்பதற்கு இல்லை. "அது கிடைக்குது, இது ஏன் கிடைக்கல?" என்று தலையைச் சொறிவது நியாயம்தான்.

விஎஸ் கோடில் ரன் பட்டனை அழுத்தினால், நீங்கள் திறந்து வைத்த ஃபோல்டரிலிருந்துதான் பொதுவாக ஓடும். லினக்ஸில், குறித்த நேரத்தில் தானாக ஓட்டிவிடும் கிரானில் போட்டால் உங்கள் ஹோம் டைரக்டரியிலிருந்து ஓடும். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் 'ஸ்டார்ட் இன்' கட்டத்தைக் காலியாக விட்டால் பெரும்பாலும் சிஸ்டம்32 ஃபோல்டரிலிருந்து ஓடும். பகலில் கையால் ஓட்டும்போது ஒழுங்காக இருந்த ஸ்கிரிப்ட் ராத்திரி தானாக ஓடும்போது சொதப்பினால், நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

தீர்வு ஒரே வரி. பாத்லிப் மாட்யூலிலிருந்து பாத்தை எடுத்துக்கொண்டு, ஸ்கிரிப்டின் பாத்தை வைத்திருக்கும் டண்டர் ஃபைலை (__file__) அதற்குள் கொடுத்து, ரிசால்வ் செய்து முழு பாத் ஆக்கி, பேரன்ட், அதாவது அது இருக்கும் ஃபோல்டரை எடுங்கள். ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டர் கைக்கு வந்துவிட்டது. அதோடு 'தரவு', 'ஜூன்' என்று சேர்த்துக்கொண்டே போகலாம். இனி எங்கிருந்து ஓட்டினாலும் கவலை இல்லை. ஜூப்பிட்டர் நோட்புக்கில் மட்டும் டண்டர் ஃபைல் கிடையாது. அங்கே பொதுவாக நோட்புக் இருக்கும் ஃபோல்டரே வொர்க்கிங் டைரக்டரி.

ஓஎஸ் டாட் சிஎச்டிர் போட்டு டைரக்டரியையே மாற்றிவிடலாமே என்பார்கள். எனக்கு அது பிடிக்காது. அது அந்த புரோகிராம் முழுவதையும் இடம் மாற்றுகிறது. வேறு மாட்யூல், கூடவே ஓடும் வேறு திரெட் எல்லாமே சேர்ந்து நகரும். ஒரு ஃபைலைத் திறப்பதற்காக அத்தனையையும் நகர்த்த வேண்டாம்.

அப்புறம் ஸ்லாஷ். விண்டோஸ் பாத்தில் மட்டும் ஸ்லாஷுக்கு (/) பதிலாக ஏன் பேக்ஸ்லாஷ் (\)? விண்டோஸுக்கு முன்னால் மைக்ரோசாஃப்ட் தந்த டாஸின் முதல் பதிப்பில் ஃபோல்டர் என்ற ஏற்பாடே இல்லை. கட்டளைக்கு ஆப்ஷன் கொடுக்கத்தான் ஸ்லாஷ் பயன்பட்டது. 1983இல் டாஸ் 2.0 வந்து ஃபோல்டர்கள் சேர்ந்தபோது ஸ்லாஷ் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததால் பேக்ஸ்லாஷை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஏற்பாட்டின் வினையை இன்றைக்கும் நாம் அனுபவிக்கிறோம். பைதான் ஸ்ட்ரிங்குக்குள் பேக்ஸ்லாஷுக்குப் பின்னால் சின்ன 'என்' வந்தால் புது வரி, சின்ன 'டி' வந்தால் டேப். சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டர் பாத்தை அப்படியே ஒட்டினால், பேக்ஸ்லாஷுக்கு அடுத்த பெரிய 'யூ' யூனிகோட் குறியீட்டின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டு, ஸ்கிரிப்ட் ஓட ஆரம்பிக்கும் முன்பே சின்டாக்ஸ் எரர் தந்துவிடும். மேற்கோளுக்கு முன்னால் 'ஆர்' போட்டு, பேக்ஸ்லாஷைச் சாதாரண எழுத்தாகவே எடுக்கும் ரா ஸ்ட்ரிங் ஆக்கலாம். அதைவிட எளிது, ஸ்லாஷையே போடுங்கள். பைதானில் ஃபைல் திறக்க விண்டோஸும் அதை ஏற்றுக்கொள்ளும்.

பாத்லிப் 2014இல் பைதான் 3.4இல் வந்தது. ஆனாலும் ஸ்ட்ரிங்கும் ஸ்ட்ரிங்கும் பிளஸ் போட்டு ஒட்டும் கோடு இன்னும் எங்கு பார்த்தாலும் இருக்கிறது. பாத்லிப்பில் வகுத்தல் குறியே இணைக்கும் குறி. அழகான ஏற்பாடு. ஒரு பொறி மட்டும் உண்டு. வலப்பக்கம் சேர்க்கும் பெயர் ஸ்லாஷில் தொடங்கினால், இடப்பக்கம் உள்ளதை அப்படியே தூக்கி எறிந்துவிடும். தரவு ஃபோல்டரோடு '/ஜூன்' என்று சேர்த்தால் கிடைப்பது வெறும் '/ஜூன்'. எரரும் வராது. பழைய ஓஎஸ் டாட் பாத் டாட் ஜாயினும் இப்படித்தான். யூசர் தரும் ஃபைல் பெயரை வாங்கி ஒட்டும் வெப்சைட்டுகளில் இது பாதுகாப்பு ஓட்டை. ரிசால்வ் செய்துவிட்டு, உங்கள் ஃபோல்டருக்குள்தான் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் திறக்க வேண்டும். அதற்கு 3.9 முதல் ஈஸ் ரிலேட்டிவ் டூ என்று ஒரு மெத்தட் இருக்கிறது.

இப்போது தமிழ்ப் பெயர்களுக்கு வருவோம். லினக்ஸில் வழக்கமான எக்ஸ்ட்4 போன்ற ஃபைல் சிஸ்டங்களில் (டிஸ்கில் ஃபைல்களை அடுக்கும் முறைகள்) ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. ஆங்கில எழுத்து ஒரு பைட். எழுத்துகளை பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். 'கோப்பு' நமக்கு மூன்று எழுத்து; கணினிக்கு க, ஓகாரக் குறி, ப, புள்ளி, ப, உகரக் குறி என்று ஆறு குறியீடு, 18 பைட். ஆக, தமிழில் 85 குறியீட்டோடு பெயர் முடிந்துவிடும். விண்டோஸ் வேறு விதமாக எண்ணுவதால், அங்கே நன்றாக இருந்த நீளமான பெயர் லினக்ஸுக்கு நகலெடுக்கும்போது 'ஃபைல் நேம் டூ லாங்' என்று நின்றுவிடும். வீடியோ தலைப்பையே ஃபைல் பெயராக வைக்கும் ஸ்கிரிப்டுகள் இதில் அடிக்கடி மாட்டும். பெயரை வெட்டும்போதும் கவனம் வேண்டும். கண்ட இடத்தில் வெட்டினால் கடைசி மெய்யின் புள்ளி போய்விடும்.

இன்னும் வம்பானது இது. இரண்டு ஃபைல்கள் காட்டுகிறேன். இரண்டின் பெயரும் 'கோவை'. ஒரே ஃபோல்டர், ஒரே பெயர், லினக்ஸ் இரண்டையும் வைத்திருக்கிறது. எப்படி? ஒன்றில் 'கோ'வின் ஓகாரக் குறி ஒரே குறியீடு. இன்னொன்றில் இரட்டைக் கொம்பும் காலும் இரண்டு குறியீடுகள். திரையில் வித்தியாசமே தெரியாது. லினக்ஸ் பார்ப்பது பைட்டுகளை. பைட் வேறென்றால் பெயரும் வேறு. மேக்கின் பழைய ஃபைல் சிஸ்டமான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். அங்கிருந்து ஜிப் ஆகி லினக்ஸ் சர்வருக்கு வந்த ஃபைலை நீங்கள் கீபோர்டில் அடித்த பெயரைக் கொண்டு தேடினால், ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸிஸ்ட்ஸ் ஃபால்ஸ், அதாவது இல்லை, என்றே சொல்லும்.

யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் இருக்கிறது. என்எஃப்சி என்று கொடுத்தால் பிரிந்த குறிகளை ஒன்றாக்கித் தரும். ஃபோல்டரில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதையும் நீங்கள் தேடும் பெயரையும் என்எஃப்சி ஆக்கிவிட்டு ஒப்பிடுங்கள். முடிந்தால் எல்லா ஃபைல்களையும் ஒரே தடவை என்எஃப்சிக்கு ரீநேம் செய்துவிடுங்கள். அதற்கு முன், அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் லினக்ஸில் ஒன்றின் மேல் இன்னொன்று விழுந்து பழையது காணாமல் போகும்.

என்எஃப்சியும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. 'ஔவை' என்று அடிக்கத் தெரியாமல் 'ஒ' அடித்து, பக்கத்தில் 'ள' அடிப்பவர்கள் நிறைய. பார்க்க 'ஔ' போலவே இருந்தாலும், யூனிகோட் கணக்கில் அது 'ள' என்ற முழு எழுத்து. ஆகவே எந்த நார்மலைஸும் அதைத் தொடாது. இந்தச் சந்தேகம் வந்தால் பெயரை அஸ்கி ஃபங்ஷனுக்குள் கொடுத்து அச்சிடுங்கள்; ஒவ்வொரு குறியீட்டின் எண்ணும் தனித்தனியாகக் காட்டிவிடும். 'ஒ'வுக்குப் பின்னால் 'ள' வந்தாலே திருத்திவிடலாம் என்று ஸ்கிரிப்ட் எழுதிவிடாதீர்கள். 'ஒளி' என்று பெயர் வைத்த ஃபைல் 'ஔி' ஆகிவிடும். பட்டியலைப் போட்டுக் கண்ணால் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். பட்டியல் எடுக்கும் ஸ்கிரிப்ட் டிஸ்கிரிப்ஷனில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.