தாயைக் காட்டுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பொலிகுதிரைகளைப் பற்றியும், அதாவது இனவிருத்திக்கென்று வைத்திருக்கும் ஆண் குதிரைகளைப் பற்றியும், அவற்றின் வம்சாவளியைப் பற்றியும் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கும் மேலாகக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்தவன் நான். ஒரு குட்டியை விற்கக் கொண்டுவந்தால் முதலில் காதில் விழுவது அதன் அப்பன் பெயர்தான். இன்ன குதிரைக்குப் பிறந்தது என்பார்கள். அதைச் சொன்னதுமே விலை ஏறிவிடும். தாய் எது என்று கேட்டால், "அதுவும் நல்ல குதிரைதாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு ரொம்ப நாளாக மனத்தை அறுக்கிற விஷயம் அந்த ஒரு வரிதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு விவசாயி இரண்டு வயதுப் பெண்குட்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். பார்க்க லட்சணமாக இருந்தது. கழுத்து, நெஞ்சு, முதுகு எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் முன்னங்கால் ஒன்றை லேசாகத் தாங்கித் தாங்கி வைத்தது. அவர் மடியிலிருந்து காகிதம் ஒன்றை எடுத்து விரித்தார். பேர் போன பொலிகுதிரையின் பெயர் அதில் பெரிய எழுத்தில் இருந்தது. அந்தப் பெயருக்காகத்தான் கையிலிருந்த பணத்தையெல்லாம் கொடுத்திருந்தார்.

நான் காலைத் தடவிப் பார்த்தேன், வீக்கம் இல்லை. மூட்டை மடக்கிப் பார்த்தேன், வலி இல்லை. என்ன என்று பிடிபடவில்லை. அன்றைக்கு லாடம் கட்ட ஒரு பெரியவர் வந்திருந்தார். பள்ளிக்கூடம் போகாதவர். அவர் குட்டியின் காலைத் தூக்கிக் குளம்பை மட்டும் பார்த்தார். பார்த்துவிட்டு, "இதைப் பெத்தது எங்கே இருக்கு?" என்றார். அந்த விவசாயி தாயைப் பார்த்ததே இல்லை. விற்றவரின் கொட்டகை நடக்கிற தூரம்தான், மூன்று பேரும் போனோம். தாய்க்குதிரை பின்பக்கம் கட்டிக் கிடந்தது. பெரியவர் நேராகப் போய் அதன் முன்னங்காலைத் தூக்கினார். குறுகிய குளம்பு, நெருங்கி ஒடுங்கிய குதிகால். குட்டிக்கு இருந்தது அப்படியே அச்சாக அதற்கும் இருந்தது. அவ்வளவு பெரிய உடம்பை அந்தச் சின்னக் குளம்பு தாங்க வேண்டும். தாய் எத்தனை வருடமாக வலியைப் பொறுத்துக்கொண்டு நின்றதோ!

காகிதத்தில் தாயின் பெயருக்கு நேரே ஒரு சின்னக் கோடு போட்டிருந்தது. அந்தக் கோடு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து யார் குட்டியைக் காட்டினாலும், தாயைக் காட்டுங்கள் என்றுதான் ஆரம்பிப்பேன்.

சரி, ஏன் எல்லோரும் அப்பன் பெயரையே பிடித்துக்கொள்கிறார்கள்? அதற்கு ஒரு காரணம் உண்டு. பெண் குதிரை பதினோரு மாதம் சுமக்கிறது. வருடத்துக்கு ஒரு குட்டி, அதுவும் எல்லாம் நன்றாக நடந்தால். ஆயுள் முழுக்க ஈன்றாலும் பத்து, பன்னிரண்டு குட்டிகள் தேறினால் பெரிய விஷயம். நல்ல பொலிகுதிரைக்கு ஒரே பருவத்தில் அதைவிடப் பல மடங்கு குட்டிகள் பிறந்துவிடும். ஊர் ஊராக அதன் குட்டிகள் நிற்கும்போது அதன் பெயர் பரவாமல் என்ன செய்யும்?

இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் என்று ஒரு பகுதி இருக்கிறது. முழுக்க உழவு நாடு, கனமான களிமண். அந்த மண்ணுக்கென்றே உருவான உழவுக்குதிரைக்கு சஃபோக் பஞ்ச் என்று பெயர். கட்டை குட்டையான, திரண்ட உடம்பு. மற்ற கனத்த குதிரைகளுக்குக் கணுக்காலில் தொங்குகிற அடர்ந்த முடி இதற்குக் கிடையாது. களிமண்ணில் உழுகிறவருக்கு அதன் அருமை தெரியும், சேறு அப்பிக்கொள்ளாது. நிறமும் ஒன்றே ஒன்றுதான், செவலை. செவலைக்குச் செவலை சேர்ந்தால் செவலைதான் பிறக்கும்.

அந்தக் காலத்தில் பெட்டைக் குதிரையைப் பொலிகுதிரையிடம் கொண்டுபோக மாட்டார்கள். பொலிகுதிரைதான் நடந்து வரும். வசந்த காலம் பிறந்ததும் குதிரைக்காரர் அதை அலங்கரித்துக் கையில் பிடித்துக்கொண்டு பண்ணை பண்ணையாக நடப்பார். இன்ன கிழமை இன்ன ஊர் என்று முன்னாலேயே அச்சடித்த சீட்டு வந்துவிடும். சினை பிடிக்காத பெட்டைக்கு மூன்று வாரத்தில் மறுபடி பருவம் வரும். அப்போது அதே குதிரை அதே பாதையில் திரும்ப வந்து நிற்கும். உழவு வேலையை நிறுத்தாமல் குதிரை வளர்க்க எவ்வளவு பொருத்தமான ஏற்பாடு பாருங்கள்!

1877இல் இந்தக் குதிரைக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1880இல் ஹெர்மன் பிடெல் என்பவர் முதல் வம்சாவளிப் பதிவேட்டைத் தொகுத்து வெளியிட்டார். பழைய செய்தித்தாள் விளம்பரங்களையும், விவசாயிகளின் நினைவில் இருந்ததையும் தேடித் தேடிச் சேர்த்தார். அப்படிப் பின்னோக்கிப் போனபோது எல்லா ஆண்வழியும் ஒரே குதிரையில் போய் நின்றது. 1768இல் பிறந்த குதிரை அது. அஃபோர்டு என்ற சின்ன ஊரின் கிரிஸ்ப் என்பவருடையது. அதற்குத் தனியாக ஒரு பெயர்கூட இல்லை, அஃபோர்டு கிரிஸ்பின் குதிரை என்றே இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இந்தக் கதையை எல்லோரும் வியந்து சொல்வார்கள். எனக்கும் வியப்புதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். விளம்பரம் யாருக்குக் கொடுத்தார்கள்? பொலிகுதிரைக்கு. வீட்டுக்கொட்டகையில் கட்டிக் கிடந்த பெட்டைக்கு யார் விளம்பரம் கொடுப்பார்கள்? விளம்பரத்தை வைத்து வரலாறு எழுதினால் அதில் அப்பன்கள்தான் வருவார்கள். பந்தயக் குதிரைகளின் பழைய பதிவேட்டிலும் இதே கதைதான். இன்ன குதிரையின் மகள் என்று மட்டும் போட்டு, சொந்தப் பெயரே இல்லாமல் எத்தனையோ தாய்கள் அதில் நிற்கிறார்கள். பிற்காலத்தில் தாய்வழியாக மட்டுமே இறங்கும் மரபணுவை எடுத்துப் பார்த்தபோது, அந்தப் பதிவேட்டின் தாய்வழிகள் சில பொருந்தவில்லை என்று தெரிய வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது படம் போட்டுக் காட்டுகிற விஷயம்தான், ஆனால் விரல் விட்டு எண்ணினாலே புரியும். உங்களுக்குப் பெற்றோர் இரண்டு பேர். தாத்தா பாட்டிகள் நான்கு. அதற்கு மேலே எட்டு, பதினாறு. இப்படிப் பத்துத் தலைமுறை மேலே ஏறினால் 1024 இடங்கள் வரும். அப்பன், அப்பனின் அப்பன் என்று ஏறுகிற வழி அந்த 1024இல் ஒரே ஒரு இடத்தில் போய் முடியும். இன்றைய பந்தய ஆண்குதிரைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, ஆண்வழியில் டார்லி அரேபியன் என்ற ஒரே குதிரையிடம் போய்ச் சேருகின்றன. உண்மைதான். ஆனால் அது அந்த ஒரு வழியைப் பற்றிய உண்மை. மீதி 1023 இடங்களில் இருந்தவர்களும் இந்தக் குட்டியின் முன்னோர்தான். மொத்தம் 1024இல் சரிபாதி தாய்கள்.

திரும்பவும் சொல்கிறேன், சரிபாதி.

பாலைவனத்து அராபியர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. குஹைலான், சக்லாவி, ஹம்தானி என்று அவர்கள் பிரித்துச் சொன்ன குதிரை வழிகள் எல்லாம் தாய்வழிகள். குட்டி எந்த வழி என்று கேட்டால் தாயின் வழியைத்தான் சொல்வார்கள். நம் நாட்டுக் கத்தியவார் குதிரைகளிலும் பல வழிகளுக்கு அவற்றைத் தொடங்கிவைத்த பெண் குதிரையின் பெயர்தான்.

விதை நன்றாக இருந்தால் போதும், நிலம் எதுவானால் என்ன என்று சிலர் கேட்பார்கள். உழுது பயிரிடுகிற யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள் என்பது ஒரு பக்கம். இங்கே தாயே பாதி விதையும் கொடுக்கிறாள், முழு நிலமாகவும் இருக்கிறாள். 1938இல் கேம்பிரிட்ஜில் வால்ட்டன், ஹாமண்ட் என்ற இரண்டு பேர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஷயர் என்பது குதிரைகளிலேயே பெரிய ஜாதி. ஷெட்லாண்ட் என்பது ஆள் இடுப்பளவு நிற்கிற குட்டை ஜாதி. இரண்டையும் இரண்டு விதமாகச் சேர்த்தார்கள். ஷயர் தாய்க்கு ஷெட்லாண்ட் அப்பன், ஷெட்லாண்ட் தாய்க்கு ஷயர் அப்பன். உயர வித்தியாசத்தால் இயல்பாகச் சேர்க்க முடியாது, செயற்கைக் கருவூட்டல்தான். இரண்டு வகைக் குட்டிக்கும் ஒரு பாதி ஷயர், ஒரு பாதி ஷெட்லாண்ட். அப்படியானால் ஒரே அளவில்தானே பிறக்க வேண்டும்? பிறக்கவில்லை. பெரிய தாயின் குட்டி, சின்னத் தாயின் குட்டியைப் போல மூன்று மடங்கு எடை இருந்தது! வளர்ந்த பிறகும் அந்த வித்தியாசம் முழுசாக மறையவில்லை. அப்பனால் அதை ஈடுகட்ட முடியவில்லை.

அப்புறம், பேர் போன பொலிகுதிரையின் பேரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு குதிரைக்குப் பேர் வந்துவிட்டால் என்ன நடக்கும்? சுற்றுவட்டாரத்திலேயே சிறந்த பெட்டைகளை அதனிடம்தான் கொண்டுபோவார்கள். நல்ல தாய்களுக்கு நல்ல குட்டிகள் பிறக்கும். பாராட்டு முழுக்கப் பொலிகுதிரைக்குப் போகும். அடுத்த வருடம் இன்னும் நல்ல பெட்டைகள் வரும். ஆகவே பொலிகுதிரையை எடைபோட வேண்டுமானால், சுமாரான பெட்டைக்கு அது கொடுத்த குட்டியைப் பாருங்கள். அங்கேதான் அதன் சொந்தச் சரக்கு தெரியும்.

குளம்பு விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன். சஃபோக் குதிரைக்கும் ஒரு காலத்தில் அதே குறை இருந்தது. உடம்பு பெரிது, குளம்பு சிறிது. அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? கண்காட்சிகளில் குளம்புக்கென்று தனிப் போட்டியே வைத்துப் பரிசு கொடுத்தார்கள். பரிசு வருகிறது என்றதும் எல்லோரும் காலைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் குளம்பு சீரானது. இன்றைக்கு நல்ல குளம்புக்குப் பேர் வாங்கிய ஜாதி அது. ஆனால் டிராக்டர் வந்ததும் எண்ணிக்கை அடியோடு விழுந்துவிட்டது. 1966இல் பதிவான குட்டிகள் ஒன்பதே ஒன்பது. அதிலிருந்துதான் மீட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஐந்து விரலைக் காட்டுகிறார்கள், ஐந்து நிமிடம்தான் இருக்கிறது. நெருங்கிய உறவில் சேர்ப்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கிச் சொல்கிறேன். 1969இல் அமெரிக்காவில் இம்ப்ரெசிவ் என்ற குதிரை பிறந்தது. திரண்ட சதை, கண்காட்சிகளில் பெரிய பேர். ஆயிரக்கணக்கான குட்டிகள் அதன் வழியில் வந்தன. பிறகு அந்த வழிக் குதிரைகள் சில திடீரென்று தசை நடுங்கி விழுந்தன, சில செத்தும் போயின. இரத்தத்தில் பொட்டாசியம் கூடுவதால் வரும் நோய். ஒரே ஒரு மரபணுக் கோளாறு, அது இம்ப்ரெசிவிடமிருந்து இறங்கியது. அதே மரபணு சதையையும் திரட்டிக் காட்டியதால் நடுவர்கள் அதற்கே பரிசு கொடுத்தார்கள், வளர்ப்பவர்களும் அதையே தேடிப் போனார்கள். 1992இல்தான் அதற்குப் பரிசோதனை வந்தது. தாய்ப் பக்கமும் தந்தைப் பக்கமும் ஒரே குதிரையின் பெயர் வந்தால் கோளாறு இரு பக்கமும் இறங்கலாம். அந்தக் குட்டிக்கு நோய் இன்னும் கடுமையாக இருக்கும்.

ஆகவே குட்டி வாங்கப் போகிறவர்கள் காகிதத்தில் நான்கு தலைமுறையாவது படியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் மரபணுப் பரிசோதனை செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். தாயைக் கொட்டகையிலிருந்து வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள். சமதரையில் நடக்கவிட்டுப் பாருங்கள். நான்கு காலையும் தூக்கிப் பாருங்கள். அதன் மூத்த குட்டிகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டு, முடிந்தால் ஒன்றையாவது போய்ப் பாருங்கள். நேரம் முடிந்துவிட்டது. குளம்பு பராமரிப்பைப் பற்றி இன்றைக்குப் பேச முடியவில்லை. கேட்டதற்கு நன்றி, வணக்கம்.