பார்த்தினான் சிற்பங்களின் வெள்ளைப் பிரதிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

கை கால் முறிந்து மாவுக்கட்டு போட்டுக்கொண்டவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஈரமாகச் சுற்றிய கட்டு கொஞ்ச நேரத்தில் கதகதவென்று சூடாகி, அப்புறம் இறுகிவிடும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸின் குணம் அது. இறுகும்போது இம்மியளவு விரியவும் செய்யும். அதனால் ஊற்றிய அச்சில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்த மாவைக் கொண்டு கிரேக்கக் கோயில் சிற்பங்களைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரதிகளைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். மூலத்தை விட்டுவிட்டு நகலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று என் நண்பர்களே கேட்பதுண்டு. நிறையவே இருக்கிறது.

ஏதென்ஸ் நகரின் அக்ரோபோலிஸ் குன்றில் அத்தீனா தேவிக்குக் கட்டிய கோயில் பார்த்தினான். கி.மு. 447இல் தொடங்கி 432இல் சிற்ப வேலையெல்லாம் முடிந்தது. வெளித் தூண் வரிசைக்கு உள்ளே இருக்கும் அறையின் சுவர் உச்சியில், வெளிப்பக்கமாக, நான்கு பக்கமும் சுற்றி, ஒரு சிற்பப் பட்டை ஓடியது. நீளம் 160 மீட்டர், உயரம் ஒரு மீட்டர். தேவிக்கு நடக்கும் திருவிழா ஊர்வலம் என்பது பரவலான கருத்து. குதிரை வீரர்கள், தேர்கள், பலிக்குக் கொண்டுபோகும் மாடுகள், குடம் சுமப்பவர்கள். புடைப்பின் ஆழம் ஐந்தாறு சென்டிமீட்டர்தான். அதற்குள் நாலைந்து குதிரைகள் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு பாய்கின்றன! மேல்பக்கம் கொஞ்சம் ஆழமாகவும் கீழ்ப்பக்கம் ஆழம் குறைவாகவும் செதுக்கியிருக்கிறார்கள். தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்காகச் செய்த வேலை அது. அப்படியும் தூண்களுக்கு நடுவே, அரை இருட்டில், அன்றைய பக்தருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்பது சந்தேகம்தான். பிரதியைக் கண்ணுக்கு நேரே மாட்டினால் குதிரையின் வாயருகே சின்னத் துளைகள்கூடத் தெரியும். வெண்கலக் கடிவாளம் பொருத்திய துளைகள். கடிவாளம் போய்விட்டது, துளை மட்டும் மிச்சம்.

சரி, பிரதி எப்படி எடுப்பது? இட்லித் தட்டிலிருந்து இட்லி ஏன் சுலபமாக வருகிறது? குழியின் வாய் அகலம், அடி குறுகல். சிற்பமும் அப்படி இருந்துவிட்டால் ஒரே அச்சு போதும். குதிரையின் கால் கல்லை விட்டு விலகி நிற்கிறது, அதன் பின்னால் இடுக்கு இருக்கிறது என்றால், அங்கே ஊற்றிய சாந்து மாட்டிக்கொள்ளும். இழுத்தால் கால் உடையும். அதனால் அச்சைத் துண்டு துண்டாக எடுப்பார்கள். ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகக் கழன்று வரும். எல்லாத் துண்டுகளையும் சேர்த்துப் பிடிக்க வெளியே ஒரு பெரிய அச்சு. ஒட்டாமல் இருக்கச் சோப்போ எண்ணெயோ தடவுவார்கள். துண்டுகள் சேரும் இடத்தில், பிரதியின் மேல் மெல்லிய கோடுகள் புடைத்து நிற்கும். பழைய பிரதிகளில் அந்தக் கோடுகளை ராவாமல் விட்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு ஒரே சந்தோஷம். ராவினால் கோட்டோடு சேர்ந்து பக்கத்திலிருக்கும் உளித்தடமும் போய்விடும்.

1687இல் வெனிஸ் படை சுட்ட குண்டு, கோயிலுக்குள் துருக்கியர் வைத்திருந்த வெடிமருந்தில் விழுந்து கட்டடம் நடுவில் பிளந்தது. அப்புறம் எல்ஜின் பிரபு. துருக்கி சுல்தானிடம் பிரிட்டனின் தூதராக வந்தவர். முதலில் அவர் நினைத்ததெல்லாம் படம் வரைவதும் அச்சு எடுப்பதும்தான். அதற்காக அச்சு எடுக்கும் ஆட்களையே ரோமிலிருந்து கூட்டி வந்தார். பிறகு ஆசை பெருகி, 1801இலிருந்து சிற்பங்களையே பெயர்த்து எடுக்கத் தொடங்கினார். 1816இல் பிரிட்டிஷ் அரசு அவற்றை 35,000 பவுண்டுக்கு வாங்கியது. கிரீஸ் அவற்றைத் திருப்பிக் கேட்கும் சண்டை நமக்குத் தெரிந்ததே. அவர் எடுக்காமல் விட்ட மேற்குப் பக்கத்துப் பட்டைக்கு 1802இல் அச்சு எடுத்தார்கள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருகிறேன்.

அதற்கு முன் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். ஜான் ஹென்னிங், ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊர்க்காரர், தச்சர் மகன். 1811இல் லண்டனில் இந்தச் சிற்பங்களைப் பார்த்தார். அவ்வளவுதான், அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் போயே போயின. மொத்தப் பட்டையையும் இருபதில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தார். உயரம் ஐந்து சென்டிமீட்டர். சிலேட்டுக் கல்லில் பள்ளமாக, இடவலம் மாற்றிச் செதுக்கினார், சாந்து ஊற்றினால் சரியாகப் புடைத்து வரும்படி. குதிரை வீரனின் முகம் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. அதில் மூக்கு, கண், தாடை! உடைந்துபோன தலைகளையும் கைகளையும் தானே யோசித்து முழுமையாக்கினார். லண்டன் வீடுகளின் அலமாரிகளுக்கு ஏற்ற சரக்கு. நன்றாக விற்றிருக்க வேண்டும். ஆனால் பிளாஸ்டர் சிற்பத்தைத் திருடுவது ரொம்பச் சுலபம். ஒரு செட் வாங்கி, அதன் மேலேயே அச்சு எடுத்து, பாதி விலைக்கு விற்றுவிடலாம். பலரும் அதைத்தான் செய்தார்கள். ஐரோப்பா முழுக்கத் திருட்டுப் பிரதிகள். உழைத்தவருக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. திருட்டுப் பிரதியை அடையாளம் காண ஒரு வழி உண்டு. பிரதிக்குப் பிரதி எடுத்ததால் கூர்மை மழுங்கி, வீரர்களின் முகம் கொழுகொழுவென்று ஆகியிருக்கும். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. ஆனாலும் அவர் செய்தது சாட்சி ஆகாது. இல்லாத தலையை வைத்துவிட்டாரே.

எல்ஜினின் ஆட்கள் மேற்குப் பக்கத்தில் எடுத்ததுதான் சாட்சி. தேதி போட்ட சாட்சி. மூலக் கல் மேலேயே இருந்தது, 1993இல்தான் அதைக் கீழே இறக்கினார்கள். இடையில் ஏதென்ஸின் வாகனப் புகையும் ஆலைப் புகையும். கந்தகம் பட்டால் சலவைக்கல்லின் மேல்தோல் ஜிப்சமாக மாறும். ஜிப்சம் என்றால் என்ன? பிளாஸ்டர் இறுகினால் ஆவதும் ஜிப்சம்தான். பளிங்கே மெல்ல மெல்லப் பிளாஸ்டராகிக்கொண்டிருந்தது! பிரதி மட்டம் என்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது இதைத்தான்.

1872இல் அதே பட்டைக்கு மறுபடி அச்சு எடுத்தார்கள். எல்ஜின் காலத்துப் பிரதிகளை ஸ்கேன் செய்து மூலத்தோடும் பிந்தைய பிரதிகளோடும் ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வந்தது. பெரிய சேதம் பலவும் 1802க்கும் 1872க்கும் நடுவிலேயே நடந்துவிட்டதாம். புகைமேல் முழுப் பழியையும் போட்டிருந்த நமக்கு இது அதிர்ச்சி. கல்லில் இன்று இல்லாத நுணுக்கம் சாந்தில் இருக்கிறது. பழைய கைவினைஞர்கள் அங்கங்கே உடைந்த முகத்தைக் கொஞ்சம் ஒட்டுப்போட்டதும் ஸ்கேனில் அகப்பட்டது. சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் போலிருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். நேரம் ஆகிவிட்டதாம். ஹென்னிங்கை விட்டிருக்கலாம், ஆனால் மனசு வராது. மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். 1937-38இல் லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் செப்பு உளியால் சிற்பங்களைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். அதற்கு முந்திய பிரதிகளுக்கு அதனால் தனி மதிப்பு. ஏதென்ஸில் 2009இல் திறந்த அருங்காட்சியகத்தின் மேல்தளத்தில், தேன்நிற மூலக் கற்களுக்கு நடுவே லண்டனில் உள்ளவற்றின் வெள்ளைப் பிரதிகளை வைத்திருக்கிறார்கள். நிறம் வேறாக இருப்பதால் எது இல்லை என்று ஒரே பார்வையில் தெரியும். 2022இல் சிசிலியின் பலெர்மோவிலிருந்து ஆர்ட்டெமிஸ் தேவியின் பாதம் இருந்த துண்டு திரும்பி வந்து பட்டையில் சேர்ந்தது. மொத்தச் சிற்பத்தையும் ஒரே இடத்தில், பிளாஸ்டரில் சேர்த்து வைத்தது சுவிட்சர்லாந்தின் பாசல் நகரச் சிற்பக் கூடம். கோயிலின் வெளிப்புறத்தில் இருந்த, மெட்டோப் எனப்படும் 92 சிற்பப் பலகைகளைப் பற்றி இன்று வாயே திறக்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.