பீரோவுக்குள் கிடக்கும் ஆய்வேடுகள்

விழாத் தலைவர் மாண்பமை துணைவேந்தர் அவர்களே, தாளாளர் ஐயா அவர்களே, அன்போடு வரவேற்ற முதல்வர் அம்மையார் அவர்களே, கோபியிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் நூலகர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். இந்த நூலகத்துக்குத் தனிக் கட்டடம் கொடுத்த தாளாளர் ஐயா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பது எனக்குப் பெரும் பேறு.

அடைவு, ஆய்வுச்சுருக்கம், இதழ்ச் சந்தா என மூன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அடைவு என்றால், எந்த ஏடு எங்கே இருக்கிறது என்று தேடிக் காட்டும் பட்டியல். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. அடைவின் வேலையே அதுதான். வேதியியல் மாணவருக்கு வேதியியல் ஆய்வுகளின் சுருக்கங்களைத் தொகுத்துத் தரும் கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் 1907 முதல் இருக்கிறது. நம் ஊரைப் பற்றி நம் பிள்ளைகள் எழுதியதற்கு என்ன இருக்கிறது? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்பார் எங்கள் அம்மாயி.

சென்னிமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே அவர்கள் தோட்டம். நொய்யலில் வந்த சாயத்தண்ணீர் கிணறுகளை என்ன செய்தது என்று ஆராய வந்தாள். கல்லூரி நூலகக் கணினியில் ‘சாயக்கழிவு’ என்று அடித்தாள். ஒன்றும் வரவில்லை. சரி என்று, மஞ்சள் விற்ற காசை வாங்கிக்கொண்டு ஏற்காடு எக்ஸ்பிரஸில் மெட்ராஸ் போனாள். நூலகம் நூலகமாக ஏறி இறங்கினாள். கடைசியில் ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில் ஓர் எம்.ஃபில் ஆய்வேட்டின் பெயர். எந்தக் கல்லூரி? அவள் படிக்கிற கல்லூரி! எந்தத் துறை? அவளுடைய துறை! திரும்பி வந்து, சாவி தேடி, பீரோவைத் திறந்தால், ஊர் ஊராகக் கிணற்றுத் தண்ணீரின் உப்பை அளந்து எழுதிய பட்டியல், ஓரம் பூச்சி அரித்துக் கிடக்கிறது. தலைப்பு, ‘நொய்யல் வடிநிலத்தில் வேளாண் மாற்றங்கள்’. சாயம் என்ற சொல்லே அதில் இல்லை. கணினி எப்படிக் காட்டும்? அந்தப் பெண் என்னிடம் சொன்னாள்: “ஐயா, அந்த பீரோ மேலதானுங்க தினமும் சோத்துப் பையை வெச்சுட்டிருந்தேன்.”

கையில் வெண்ணெய், ஐயா! பத்து வரிச் சுருக்கமும், சாயக்கழிவு, சாயப்பட்டறை, கிணறு என்று நான்கைந்து குறிச்சொற்களும் இருந்திருந்தால் அந்த ரயில் செலவு மிச்சம்.

பிஎச்.டி ஆய்வேடுகளுக்கு 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு விதி போட்டது, சோத்கங்கா என்னும் இணையக் களஞ்சியத்தில் அவை ஏறுகின்றன. எம்.ஃபில் ஏடுகளோ பெரும்பாலும் பீரோவோடு சரி. அந்தப் பட்டத்தையே 2022 விதிகள் நிறுத்திவிட்டன. இனிப் புதிதாக வந்து குவியப்போவதில்லை. ஆகவே இது முடிக்கக்கூடிய வேலை. இதழ்ச் சந்தாவுக்கு வந்தால், ஆய்விதழ்களை நாடு முழுவதற்கும் சேர்த்து வாங்கும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியபோது அரசு நிறுவனங்களுக்குத்தான் கிடைத்தது. நம் சுயநிதிக் கல்லூரிப் பிள்ளைகளின் கதை பெரிய கதை, நேரமில்லை.

துணைவேந்தர் அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. ஈரோடு, கோவை, திருப்பூர், நாமக்கல், கரூர் கல்லூரிகளில் கிடக்கும் எம்.ஃபில் ஏடுகளுக்கு ஒரே பொது அடைவு வேண்டும். தலைப்பு, ஆய்வாளர், நெறியாளர், ஆண்டு, சுருக்கம், குறிச்சொல். தட்டச்சு செய்ய மாணவர்கள் இருக்கிறார்கள். குறிச்சொல்லை மட்டும் நூலகர் பார்த்துப் போட வேண்டும். அதற்குக் காலியாக இருக்கும் நூலகர் இடங்களை நிரப்ப வேண்டும். தீர்மானத்தை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். தாளாளர்கள் மேடையை விட்டு இறங்குமுன் கையெழுத்துப் போட வேண்டுகிறேன். பேனாவும் இருக்கிறது.